1937 சட்டத்துக்குள் ஷரீஅத் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி, ஜூன் 4

"குர்ஆனில் இருப்பதைத்தான் 1937-இல் அப்படியே சட்டமாக எழுதி வைத்தார்கள். 1400 ஆண்டுகளாக மாறாமல் இருப்பதில் ஒரு வரியைத் தொட்டாலும் அது மதத்தில் கை வைப்பதுதானே? இதில் திருத்தம் என்ற பேச்சுக்கே இடம் ஏது?"

ஜூன் 4, இரவு

அந்த 1937 சட்டத்தை, அதாவது இந்திய முஸ்லிம்களுக்கு ஷரீஅத் பொருந்தும் என்று அறிவித்த சட்டத்தை, எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. மொத்தமே ஆறு பிரிவுகள், அதிலும் ஐந்தாவது 1939-லேயே நீக்கப்பட்டுவிட்டது. மகளுக்கு எத்தனை பங்கு, மஹரை (மணமகன் தரும் மணக்கொடை) எப்போது கேட்கலாம், தலாக் எப்படிச் சொன்னால் செல்லும் என்று ஒரு விதிகூட அதில் கிடையாது. இரண்டாம் பிரிவு ஒரு நீண்ட பட்டியல்: வாரிசுரிமை, திருமணம், தலாக், குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு), ஜீவனாம்சம், மஹர், காப்பாளர் உரிமை, ஹிபா (அன்பளிப்பு), வக்ஃபு (இறைவழியில் ஒதுக்கிய சொத்து). இவற்றில் இரு தரப்பும் முஸ்லிம்களாக இருந்தால், ஊர் வழக்கம் எதுவாக இருந்தாலும் ஷரீஅத்தான் பொருந்தும் என்கிறது. அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. எந்த மத்ஹபு (ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி என்ற சட்டப் பள்ளிகள்), எந்த நூல், உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) இரண்டாகப் பிரிந்து நின்ற இடத்தில் யார் சொல்வது செல்லும் என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை.

நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. விதவைக்கும் இறந்தவரின் சகோதரிக்கும் என்ன பங்கு என்ற இடத்தில் நீதிபதி "எந்தப் பிரிவு?" என்று கேட்டார். சீனியர் எழுந்து முல்லாவின் பத்தி எண்ணைச் சொன்னார், நீதிபதி குறித்துக்கொண்டார், வழக்கு நகர்ந்துவிட்டது. தின்ஷா முல்லா ஒரு பார்சி வழக்கறிஞர். அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கையேடு அது. எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றாத அந்தப் புத்தகத்தின் எண்களை இன்றும் சட்டப்பிரிவு போலவே சொல்லி வாதாடுகிறோம். நல்ல புத்தகம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு விதியைப் பார்க்கும்போதும் எனக்கு ஒரே கேள்விதான்: பல கருத்துகளில் இந்த ஒன்றை எடுத்தது யார்?

ஜூன் 5

"பின்னே 1937-இல் எதற்காகத்தான் சட்டம் போட்டார்கள்?" நியாயமான கேள்வி.

வழக்காறுதான் காரணம். அன்றைய நீதிமன்றங்களில் முஸ்லிம்களுக்கே ஷரீஅத் முழுதாகப் பொருந்தவில்லை. 1847-இல் பம்பாயில் கோஜாக்கள், மேமன்கள் என்ற முஸ்லிம் வணிகச் சமூகங்களின் வழக்கில், அவர்களுடைய வாரிசுரிமை அவர்கள் வழக்கத்தின்படிதான் என்று தீர்ப்பாயிற்று. அந்த வழக்கம் பெண்களை விலக்கி வைத்தது. பஞ்சாபிலும் நிலம் ஆண் வழியில்தான் போகும் என்ற வழக்காற்றை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. மலபாரின் மாப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் மருமக்கத்தாயம் (தாய்வழி வாரிசு முறை). ஆக, "ஷரீஅத்தே பொருந்தட்டும்" என்று உலமாக்களும் முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து கேட்டதற்கு ஒரு பெரிய காரணம், குர்ஆன் மகளுக்குத் தந்த பங்கு அவள் கைக்கு வந்து சேரவேயில்லை என்பதுதான்.

அப்புறம் அந்தச் சட்டமே என்ன செய்தது பாருங்கள். விவசாய நிலத்தை விட்டுவிட்டது. 1935 இந்திய அரசுச் சட்டப்படி அது மாகாணங்களின் அதிகாரம் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அந்தக் காலத்தில் சொத்து என்றாலே முக்கால்வாசி நிலம்தானே? உயில், தத்து போன்றவற்றை மூன்றாம் பிரிவில் தனியே வைத்து, விரும்புகிறவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் ஷரீஅத் பொருந்தும் என்றும் ஆக்கினார்கள். பெரிய நிலக்காரர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் உள்ளே சேர்த்தது. தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் பெண் இன்று நஞ்சையில் பங்கு கேட்க முடிகிறதென்றால் அந்த மாகாணத் திருத்தத்தால்தான். தொடவே கூடாது என்கிறவர்கள் இந்தத் திருத்தத்தை எங்கே வைப்பார்கள் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

ஜூன் 7

இன்னும் பின்னால் போகணும். 1772.

வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துக்கு நீதித் திட்டம் வகுத்தபோது, வாரிசுரிமை, திருமணம், சாதி, மதம் சார்ந்த விஷயங்களில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டம், இந்துக்களுக்குச் சாஸ்திரம் என்று எழுதினார். எழுதுவது எளிது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிபதிக்கு அரபியும் தெரியாது, ஃபிக்ஹும் (இஸ்லாமியச் சட்டவியல்) தெரியாது. பக்கத்தில் மௌலவிகளை அமர்த்திக்கொண்டார், ஆனால் அவர்களை முழுதாக நம்பவும் இல்லை. ஒரே புத்தகத்தில் எல்லாம் இருந்தால் தேவலை என்ற அவசரத்தில் கையில் எடுத்தது 12ஆம் நூற்றாண்டில் ஃபர்கானாவைச் சேர்ந்த மர்ஃகீனானி எழுதிய ஹிதாயா. அரபியிலிருந்து பாரசீகம், பாரசீகத்திலிருந்து ஆங்கிலம் என்று போய், 1791-இல் சார்லஸ் ஹாமில்டனின் பதிப்பு வந்தது. தொழுகை போன்ற வணக்க வழிபாட்டுப் பகுதிகள் அதில் விடுபட்டன. நீதிமன்றத்துக்கு அவை தேவையில்லையாம். அடுத்த ஆண்டே வில்லியம் ஜோன்ஸ் வாரிசுரிமை நூலான சிராஜிய்யாவைக் கொண்டுவந்தார்.

ஹிதாயாவை மதரஸாவில் ஓதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நூல் முழுக்க வாதம். அபூ ஹனீஃபா இப்படிச் சொன்னார், அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் வேறு மாதிரி சொன்னார்கள், ஷாஃபிஈ மறுத்தார், அதற்குப் பதில் இது என்று போகும். ஓதி முடித்தவர் மேலே விரிவுரைகள் படித்து, தன் காலத்து ஃபத்வாக்களைப் பார்த்து, எதிரில் நிற்கும் ஆளின் நிலைமையைக் கேட்டு, அப்புறம்தான் வாய் திறப்பார். கம்பெனி நீதிமன்றமோ மருத்துவ மாணவனின் பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு நோயாளிக்கு மருந்து எழுதிற்று. 1864-இல் மௌலவிகளையும் நீதிமன்றத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், காஜி (முஸ்லிம் நீதிபதி) நியமனமும் நின்றது. 1880-இல் காஜிகள் சட்டம் போட்டு அந்தப் பதவியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் நீதி வழங்கும் அதிகாரம் எதுவும் தரவில்லை. நம் தலைமை காஜி பிறை அறிவிக்கிறார், வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. ஏன் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். புத்தகம் சட்டமாகிவிட்டால் பிறகு குர்ஆனே வந்து நின்றாலும் இடமில்லை. 1897-இல் ஒரு விதவை, குர்ஆனில் விதவைக்கு ஓராண்டு பராமரிப்பு என்று வரும் வசனத்தைக் காட்டி ஜீவனாம்சம் கேட்டார். லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மறுத்தது. ஹிதாயா போன்ற பழைய பெரும் நூல்கள் சொன்னதற்கு மாறாக நீதிமன்றம் தானாகக் குர்ஆனுக்குப் பொருள் சொல்லக் கூடாது என்றது. இதில் எனக்கு இரண்டு மனது உண்டு. மரபை அறியாத நீதிபதி நேராக வசனத்துக்குப் பொருள் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. மறுபக்கம், உலமாக்களை வெளியே அனுப்பிவிட்டு நூலை மட்டும் உள்ளே வைத்தால் அந்த நூலை இனி யார்தான் விரித்துச் சொல்வது?

1894 வக்ஃபு வழக்கும் இதே கதை. குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து, வம்சம் அற்றுப்போனால் ஏழைகளுக்கு என்று எழுதிய வக்ஃபு செல்லாது என்றது பிரிவி கவுன்சில். முஸ்லிம் நாடுகளில் நூற்றாண்டுகளாக நடந்துவந்த ஒன்று அது. இங்கிலாந்தின் அறக்கட்டளைக் கண்ணோடு பார்த்தார்கள், அதில் தர்மமே தெரியவில்லை. அதைச் சரிசெய்ய ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913-இல் சட்டமானது. பழைய வக்ஃபுகளுக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றங்கள் சொல்ல, 1930-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. இந்த இடத்தில் ஷரீஅத்தைக் காப்பாற்றியதே சட்டமன்றம்தான்.

ஜூன் 9

"எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை" என்று ஒருவர் முடித்துவிட்டார். இல்லை. உஸ்மானியப் (ஒட்டோமான்) பேரரசை எந்த வெள்ளைக்காரனும் ஆளவில்லை, அங்கேயும் இது நடந்தது.

ஜூன் 11

கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் புதிய நீதிமன்றங்கள் வந்துவிட்டன. ஐரோப்பிய வணிகர்களோடு வழக்குகள் குவிகின்றன. புதிய நீதிபதிகளுக்கு ஹனஃபி நூல்களின் கடலில் இறங்கி முத்தெடுக்க நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஆலி பாஷா. வேண்டாம், நம் ஃபிக்ஹிலிருந்தே எழுதுவோம் என்று நின்றவர் அஹ்மத் ஜவ்தத் பாஷா. அவர் ஆலிமாகப் படித்தவர், வரலாற்றாசிரியர், அரசு அதிகாரியும்கூட. அவர் தலைமையில் ஒரு குழு 1869 முதல் 1876 வரை எழுதியதுதான் மஜல்லா. 16 நூல்கள், 1851 பிரிவுகள். தொடக்கத்திலேயே ஃபிக்ஹின் பொது விதிகள் 99 வரிசையாக வரும். சந்தேகத்தால் உறுதி நீங்காது, கஷ்டம் இலகுவைக் கொண்டுவரும், காலம் மாறினால் விதிகள் மாறுவதை மறுக்க முடியாது என்று போகும். மதரஸாவில் மனப்பாடமாக ஓதிய வரிகள் எண்ணிட்ட பிரிவுகளாக நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது, மறைக்கவில்லை.

ஆனால் 1801ஆம் பிரிவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஒரு விஷயத்தில் இன்ன முஜ்தஹிதின் (சுயமாகச் சட்ட ஆய்வு செய்யத் தகுதி பெற்ற அறிஞரின்) கருத்து காலத்துக்கும் மக்களுக்கும் ஏற்றது என்று சுல்தான் ஆணையிட்டால், நீதிபதி வேறொருவர் கருத்தின்படி தீர்ப்புச் சொல்ல முடியாது, சொன்னாலும் செல்லாது. மொத்த விஷயமும் இந்த ஒரு பிரிவில் இருக்கிறது. கருத்துகள் எல்லாம் உலமாக்களுடையவை, ஒன்றை எடுக்கும் கை அரசினுடையது. சுல்தான் நீதிபதிகளுக்கு ஒரு மத்ஹபைக் கட்டிவைப்பது பழைய வழக்கம்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே விடையை எண்ணிட்டு அச்சிட்டு எல்லா நீதிமன்றங்களுக்கும் அனுப்புவதுதான் புதிது.

மஜல்லா திருமணத்தைத் தொடவேயில்லை. விற்பனை, வாடகை, ஜாமீன், கூட்டு வியாபாரம், சாட்சியம் இவைதான். முழுக்க ஹனஃபி. குடும்பத்துக்கு 1917 வரை காத்திருக்கணும். உலகப்போரின் நடுவே வந்த குடும்ப உரிமை ஆணை ஹனஃபியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காமல் மற்ற மத்ஹபுகளிலிருந்தும் எடுத்தது. கிறித்தவர்களுக்கும் யூதர்களுக்கும் தனித்தனிப் பகுதிகளும் அதில் உண்டு. துருக்கியில் 1919-லேயே அதை நீக்கிவிட்டார்கள், 1926-இல் சுவிட்சர்லாந்துச் சட்டத்தை எடுத்துக்கொண்டதும் மஜல்லாவும் போயிற்று. பிறந்த ஊரில் செத்துப்போனது பேரரசின் பழைய மாகாணங்களில் வாழ்ந்தது. ஜோர்டானில் 1976 வரை மஜல்லா, லெபனானின் சுன்னிகளுக்கு இன்றும் 1917 ஆணை.

எகிப்து 1929-இல் 25ஆம் எண் சட்டம் போட்டது. எண்ணிக்கை சேர்த்துச் சொன்ன தலாக், அதாவது ஒரே மூச்சில் முத்தலாக், ஒன்றாகத்தான் கணக்கு. 1929! நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்துக்கு வெளியே, இடைக்கால ஆலிம் இப்னு தைமிய்யா போன்றவர்கள் வலியுறுத்திய சிறுபான்மைக் கருத்தை எடுத்துச் சட்டமாக்கினார்கள்.

ஜூன் 12

"ஆட்சியாளர் தேர்ந்தெடுப்பது ஷரீஅத்துக்கே விரோதம்" என்கிற நண்பருக்கு: இந்தச் சண்டை எட்டாம் நூற்றாண்டிலேயே உண்டு. ஊருக்கு ஊர் தீர்ப்பு மாறுகிறதே, கலீஃபா எல்லாவற்றையும் பார்த்து ஒரே தொகுப்பாக ஆக்கட்டும் என்று இப்னுல் முகஃப்பா அப்பாசியக் கலீஃபா மன்சூருக்கு எழுதினார். நடக்கவில்லை. மாலிகி மத்ஹபின் இமாம் மாலிக் எழுதிய முவத்தா என்ற நூலை நாடு முழுக்கச் சட்டமாக்கலாமா என்று கலீஃபா கேட்டதாகவும், மக்களிடம் ஏற்கனவே வேறுவேறு அறிவுகள் போய்ச் சேர்ந்துவிட்டன, அவர்களை விட்டுவிடுங்கள் என்று மாலிக் மறுத்ததாகவும் மரபில் சொல்வார்கள். தன் நூலையே சட்டமாக்க வேண்டாம் என்ற மனிதர். அவர் பக்கம்தான் என் மனது சாய்கிறது. ஆனால் என் தொழில் வேறு விதமாகச் சொல்கிறது. அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

ஜூன் 15

1939 முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். என்னிடம் வரும் பெண்களில் பலருக்கு இதுதான் கதவு.

கணவன் எங்கே போனான் என்றே தெரியாது. ஹனஃபி நூல்களின் பழைய நிலைப்பாட்டில், அவன் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம் வரை, சில நூல்களில் அவனுக்கு 90 வயது ஆகும் வரை, அவள் மனைவிதான். சோறு போடாதவன், அடிப்பவன் என்றாலும் ஹனஃபி முறையில் மனைவி போய்க் கேட்டு முறித்துக்கொள்ள வழி மிகக் குறைவு. வட இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாபில், பெண்கள் ஒரே ஒரு வழியைக் கண்டார்கள்: இஸ்லாத்தை விட்டு வெளியேறுகிறேன் என்று சொல்வது. மதம் மாறினால் திருமணம் முறியும் என்று நீதிமன்றங்கள் ஏற்றன. ஒரு பெண் தன் வீட்டை விட்டு வெளியேற, தன் ஈமானையே விட வேண்டியிருந்தது. இதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

மௌலானா அஷ்ரஃப் அலி தானவி இதற்கு விடை தேடினார். கடுமையான ஹனஃபி ஆலிம் அவர். மதீனாவின் மாலிகி முஃப்திகளிடம் எழுதிக் கேட்டு, 1930களின் தொடக்கத்தில் ஒரு நூலாகக் கொண்டுவந்தார். நெருக்கடியில் ஹனஃபி பெண்ணுக்கு மாலிகி கருத்தின்படி விடுதலை தரலாம், காஜி இல்லாத இடத்தில் நேர்மையான முஸ்லிம்களின் குழு அந்த வேலையைச் செய்யலாம் என்றார். அதிலிருந்துதான் மசோதா எழுந்தது. 1939 சட்டத்தின் இரண்டாம் பிரிவில் நான்கு ஆண்டுகள் தகவல் இல்லாதவன், இரண்டு ஆண்டுகள் பராமரிக்காதவன், கொடுமை செய்பவன் என்று வருகிறதே, அதன் வேர் இங்கே. மதம் மாறியதால் மட்டும் திருமணம் முறியாது என்று நான்காம் பிரிவும் வந்தது. உலமாக்கள் கேட்ட இன்னொன்று, இந்த வழக்குகளை முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்பது. அந்த வாசகம் சட்டமன்றத்தில் நீக்கப்பட்டது. மருந்தை வாங்கிக்கொண்டு வைத்தியரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த நீக்கத்தில் தானவியின் தரப்பினருக்கு இருந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சட்டம் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்க்கிறேன். கணவன் வளைகுடாவுக்குப் போய்ப் பேச்சுமூச்சே இல்லாமல் ஆகிவிட்ட ஒரு பெண்ணுக்கு வழக்கு நடத்தினேன். ஜமாஅத்தில் "பொறுத்திரும்மா, வருவார்" என்று சொல்லியே ஆண்டுகளை ஓட்டியிருந்தார்கள். அவள் கையில் தீர்ப்பு நகல் வந்த பிறகுதான் இத்தாவைப் (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்) பற்றியே அவளால் பேச முடிந்தது. மாலிக்கின் பக்கம் மனது சாய்கிறது என்று ஜூன் 12-இல் எழுதினேன் அல்லவா, அந்த நீதிமன்ற வாசலில் நின்றால் ஒரு எண்ணிட்ட பிரிவு எவ்வளவு பெரிய பலம் என்று தெரியும்.

ஜூன் 16

"முத்தலாக் வழக்கு என்ன சொன்னது?" என்று கேட்டவருக்கு.

2017 ஆகஸ்ட் 22, மூன்றுக்கு இரண்டு. தீர்ப்பின் உள்ளே இந்த இழையின் முதல் கேள்விதான் இருக்கிறது. 1937 சட்டம் முத்தலாக்கைச் சட்டமாக்கியதா? ஆமாம் என்றார்கள் நீதிபதிகள் நரிமனும் லலித்தும். சட்டம் என்பதால் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டது, அந்த அளவில் செல்லாது. இல்லை, அது தனியார் சட்டமாகவே இருக்கிறது, நீதிமன்றம் தொட முடியாது என்றார்கள் கேஹரும் நசீரும். குரியன் ஜோசஃப் மூன்றாவது வழி: 1937 சட்டம் ஷரீஅத் பொருந்தும் என்கிறது, குர்ஆனுக்கு மாறான முத்தலாக் ஷரீஅத்தே ஆகாது. விளைவில் மூவர் ஒன்றுபட்டார்கள், காரணத்தில் ஒன்றுபடவில்லை. ஆறே பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்துக்குள் ஷரீஅத் இருக்கிறதா என்று 80 ஆண்டுகள் கழித்தும் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் சொல்லவில்லை.

எனக்கு ஒத்துவருவது குரியன் ஜோசஃபின் வழி. அவர்தான் மரபுக்குள்ளிருந்து பேசினார்.

ஜூன் 18

ஷாஃபிஈகளை மறந்துவிட்டீர்களா என்று காயல்பட்டினத்து வாசகர் கேட்கிறார். மறக்கவில்லை. நம் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. ஆனால் சுன்னி என்றால் ஹனஃபி என்றே நீதிமன்றம் ஊகிக்கும். நீங்கள் ஷாஃபிஈ என்றால் நீங்கள்தான் சொல்லி நிறுவ வேண்டும். ஹிதாயாவை எடுத்ததன் நிழல் இது. வயது வந்த பெண் வலீ (திருமணக் காப்பாளர்) இல்லாமல் தானே நிக்காஹ் செய்துகொள்ளலாம் என்பது ஹனஃபி, கூடாது என்பது ஷாஃபிஈ. 1864-இல் பம்பாயில் ஒரு பெண் தான் ஹனஃபிக்கு மாறிவிட்டதாகச் சொல்லித் தகப்பன் சம்மதமின்றி மணந்தாள், நீதிமன்றம் ஏற்றது. மத்ஹபு மாறும் சுதந்திரத்தை அவள் பயன்படுத்திக்கொண்டாள். எண்ணிட்ட சட்டத்தில் அப்படி ஓர் இடம் மிச்சமிருக்குமா?

ஜூன் 21

அந்தக் கேள்விக்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்கிருந்து மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அங்கே கதை நம்மைவிட முந்தியது. டச்சுக்காரர்கள் பட்டேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கொண்டுவந்த ஒரு தொகுப்பை, கொழும்பின் சோனகத் தலைவர்களிடம் காட்டி ஒப்புதல் பெற்று, ஆங்கிலேயர் 1806-இல் முகமதியச் சட்டக்கோவை என்று அறிவித்தார்கள். ஜாவாவில் தொகுத்ததை இலங்கையில் வாழ்ந்த தமிழ் பேசும் முஸ்லிம்களுக்குச் சட்டமாக்கினார்கள். வாரிசுரிமையில் அது சரியாக இல்லாததால் 1931-இல் தனிச் சட்டம் வந்தது, இறந்தவர் எந்த மத்ஹபோ அதன்படி என்று. 1951-இல் 13ஆம் எண் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், அதன் கீழ் இயங்கும் காதி (காஜி) நீதிமன்றங்கள். இந்தியாவில் இல்லாத ஒன்று: முஸ்லிம் காதி, அரசு அதிகாரத்தோடு. தானவியின் தரப்பு கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் அங்குள்ள பெண்களைக் கேளுங்கள். பதிவில் மணமகளின் கையெழுத்துக்கு இடமில்லை, வலீ போட்டால் போதும். காதியாக ஆண்தான் வரலாம். 12 வயதுக்குக் குறைந்த பெண்ணின் திருமணத்தைக்கூடக் காதி அனுமதித்தால் பதிவு செய்யலாம் என்கிறது சட்டம். 2009-இல் அமைத்த திருத்தக் குழு 2018-இல் அறிக்கை கொடுத்தது. உறுப்பினர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள், பெண் காதி ஆகலாமா என்பதும் பிரிந்த இடங்களில் ஒன்று. பெண் நீதிபதியை ஹனஃபி மரபு குற்ற வழக்குகள் தவிர மற்றவற்றில் ஏற்கிறது, ஷாஃபிஈ மரபு ஏற்பதில்லை. 1917-இல் உஸ்மானியர் செய்ததும், 1939-க்காகத் தானவி செய்ததும் இதே மாதிரிக் கருத்து வேறுபாட்டில் மற்ற மத்ஹபிலிருந்து எடுத்ததுதான். திருத்தம் கேட்கும் பெண்கள் மரபுக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை, அதே கதவைத்தான் தட்டுகிறார்கள்.

ஜூன் 22

"அப்படியானால் இந்தியாவில் முஸ்லிம் சட்டம் முழுவதையும் தொகுக்கலாம் என்கிறீர்களா?" நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

வாரிசுரிமைப் பங்குகளையும், தலாக், குலா நடைமுறையையும் தொகுக்கலாம், தொகுக்க வேண்டும். சவூதியே 2022-இல் குடும்பச் சட்டத்தைப் பிரிவுகளாக எழுதிவிட்டது, 1400 ஆண்டு வாதம் அதன் பிறகு ஓடாது. ஆனால் வரைவை எழுதும் மேசையில் நான்கு மத்ஹபும் ஷியா மரபும் அறிந்த ஆலிம்கள் இருக்க வேண்டும், குடும்ப நீதிமன்றப் படிக்கட்டில் காத்திருந்த பெண்களும் அதே மேசையில், பார்வையாளர்களாக இல்லாமல், உட்கார வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்குக் கீழும் இது எந்த மத்ஹபிலிருந்து எடுத்தது, ஏன் மற்றதை விட்டோம் என்று எழுதி வைக்க வேண்டும். முதலில் வாரிசுரிமையிலிருந்து தொடங்கலாம். அங்கேதான் கருத்து வேறுபாடு குறைவு, பெண்கள் இழப்பது அதிகம். வரைவுப் பட்டியல் ஒன்று தயார் செய்துகொண்டிருக்கிறேன், ஃபராயிழ் (வாரிசுப் பங்குக் கணக்கு) நன்றாகத் தெரிந்த ஆலிம்கள் யாராவது சரிபார்த்துக் கொடுத்தால் அதையும் இங்கே இடுகிறேன்.